வயர் சொருகிய பாட்டு: ப்ளூஸும் 'அசல்' என்னும் கற்பிதமும்

"வயர் சொருகின அன்னைக்கே ப்ளூஸ் செத்துப்போச்சு தோழர்." கூட்டம் ஒன்று முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் இப்படித் தீர்ப்புச் சொன்னார். நல்ல வாசகர். களத்தில் வேலை செய்கிறவர். நான் மறுத்துப் பேசவில்லை. பேச எனக்கு யோக்கியதையும் கிடையாது. பல வருஷம் இதையேதான் நானும் சொல்லித் திரிந்தேன். ராபர்ட் ஜான்ஸன் நாற்சந்தியில் பிசாசிடம் ஆன்மாவை விற்றுக் கிதார் கற்றுக்கொண்ட கதையை ஒரு மேடையில் உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கதை முதலில் சொல்லப்பட்டது டாமி ஜான்ஸன் என்ற வேறொரு பாடகரைப் பற்றி. ராபர்ட் ஜான்ஸனுக்குக் கற்றுக்கொடுத்தவர் பிசாசு அல்ல, ஐக் ஜிம்மர்மன் என்கிற மனிதர். உழைத்துப் பழகிய ஒரு கலைஞனின் விரல்களைப் பிசாசுக்குத் தாரைவார்த்துவிட்டு அதை வியப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

நண்பரின் தீர்ப்புக்குப் பின்னால் ஓர் இருமை எதிர்வு இருக்கிறது. மிஸ்ஸிஸிப்பிப் பருத்திக் காட்டில், குடிசை வாசலில், மரப்பெட்டிக் கிதாரோடு தனியாக உட்கார்ந்து பாடுகிற கறுப்பர் ஒரு பக்கம்: அவர் மக்கள், மண், வலி, அசல். சிகாகோ மதுவிடுதியில் ஆம்ப்ளிஃபையர் அலற, டிரம்ஸ் அதிர, கோட்டுப் போட்டுக்கொண்டு பாடுகிறவர் இன்னொரு பக்கம்: அவர் சந்தை, சரக்கு, சீரழிவு. இந்தப் பிரிவினை எவ்வளவு வசதியாக இருக்கிறது பாருங்கள். ஒன்றைக் கேட்டாலே போதும், நாம் மக்கள் பக்கம் நின்றுவிட்டதாக ஆகிவிடுகிறது. இதைக் கட்டியது யார், எப்போது கட்டினார்கள், கட்டியதில் யாருக்கு என்ன போனது என்பதுதான் இந்தக் கட்டுரைக்கான விஷயம்.

'அக்கூஸ்டிக் கிதார்' என்கிற பெயரிலிருந்தே தொடங்கலாம். மின்சாரக் கிதார் வரும்வரை அப்படி ஒரு பெயர் புழங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. எல்லாமே வெறும் கிதார்தான். மில் வந்த பிறகுதானே நம் ஊரில் 'கைக்குத்தல் அரிசி' என்று ஒன்று பிறந்தது! அதுவரை அது அரிசி, அவ்வளவுதான். 'அசல்' என்பது பின்னால் வந்தது தன் முன்னோருக்குச் சூட்டுகிற பெயர்.

இந்த மரப்பெட்டிக் கிதாரும் காட்டில் முளைத்ததல்ல. தொழிற்சாலையில் மலிவாகச் செய்து, தபால்வழி விற்பனைப் பட்டியல்களில் படம் போட்டு விற்றது. டெல்டாவின் கறுப்பு உழைப்பாளிகளின் கைக்கு அது வந்து சேர்ந்ததே ரயிலும் தபாலும் சந்தையும் விரிந்ததால்தான். சனிக்கிழமை இரவில் காலால் தரையை உதைத்து ஆடுகிற கூட்டத்துக்கு நடுவே ஒற்றைக் கிதாரின் சத்தம் எடுபடாது. ஆகவே சத்தத்துக்கான தேடல் வயருக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. 1927 வாக்கில் நேஷனல் கம்பெனி உலோக உடம்பும் உள்ளே அலுமினியக் கூம்பும் வைத்த கிதாரைச் சந்தைக்கு விட்டதன் நோக்கம் ஒன்றே ஒன்று: இன்னும் உரக்கக் கேட்க வேண்டும். ஸன் ஹவுஸ் கையில் இருப்பது அந்த வகைதான். கழுத்து உடைத்த பாட்டில் துண்டை விரலில் மாட்டி அந்தத் தகரக் குரலில் கம்பியை அவர் இழுக்கும்போது கேட்பவர்களுக்கு 'மண்ணின் குரல்' ஞாபகம் வருகிறது. மண்ணில் அலுமினியமும் கலந்திருக்கிறது.

பதிவு செய்தவர்கள் யார் என்பதும் சுவாரஸ்யம். 1920இல் மாமி ஸ்மித் பாடிய 'க்ரேஸி ப்ளூஸ்' விற்றுத் தீர்ந்த பிறகுதான் கறுப்பர்களும் தட்டு வாங்குவார்கள் என்கிற ஞானம் கம்பெனிகளுக்கு உதித்தது. 'ரேஸ் ரெகார்ட்ஸ்' என்று தனி வரிசையே போட்டார்கள். சார்லி பேட்டன், ஸன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் எல்லோரையும் பதிவு செய்த பாரமவுண்ட், விஸ்கான்ஸினில் இருந்த ஒரு நாற்காலிக் கம்பெனியின் கிளை. கிராமபோன் பெட்டியும் செய்கிறோமே, அதில் போட்டுக் கேட்கத் தட்டும் விற்போம் என்று இறங்கியவர்கள். நாம் 'ஆதி ஒலி' என்று மெய்மறக்கிற அந்த இரைச்சலில் பாதி மட்டமான தட்டின் இரைச்சல். சரக்குக்கு முந்தைய ப்ளூஸ் என்று ஒன்று நம் காதுக்குக் கிடைத்ததே இல்லை. கிடைத்த முதல் ஒலியே சரக்காக வந்ததுதான்.

இப்படிச் சொல்வதால் அந்தத் தட்டுகளின் மதிப்பு குறைந்துவிடாது. ராபர்ட் ஜான்ஸன் 1936இல் சான் அன்டோனியோவிலும் 1937இல் டல்லஸிலும் பதிவு செய்தவை 29 பாடல்கள். 1938இல் 27 வயதில் செத்துப்போனார். 'கம் ஆன் இன் மை கிச்சன்' பாட்டைப் போட்டுக் கேளுங்கள். பாதி வரியில் குரல் நின்றுவிடும். மிச்ச வரியைக் கிதார் பாடி முடிக்கும். கட்டை விரல் கீழ்க்கம்பியில் நடையைப் பிடித்திருக்க, மற்ற விரல்கள் மேல்கம்பியில் வேறு ஒருவரோடு பேசுவது மாதிரி இருக்கும். முதல் வரி, அதையே திரும்ப ஒரு தடவை, அப்புறம் இரண்டுக்கும் பதிலாக மூன்றாம் வரி. இவை பன்னிரண்டு பார்களுக்குள் அடங்குவதுதான் ப்ளூஸின் பொதுச் சட்டகம். சொன்னதையே ஏன் மறுபடி சொல்ல வேண்டும்? இரண்டாம் முறை அதே சொற்கள் அதே பொருளில் வருவதில்லை. முதல் முறை செய்தி, இரண்டாம் முறை அது மனசில் இறங்குகிறது. ஸ்வரமும் அப்படித்தான். பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில், கட்டை இல்லாத இடத்தில் போய்ப் பாடகரின் குரல் நிற்கிறது. மேற்கத்திய இசையின் ஏணியில் இல்லாத படி அது. பாட்டில் துண்டு கம்பியில் வழுக்கிப் போய்த் தொடுவதும் அதே இடத்தைத்தான்.

எம்.ஏ. வகுப்பில் வாய்மொழி மரபு பற்றிப் படித்தபோது, பாணர்கள் கைவசம் வைத்திருந்த தொடர்களை எடுத்தாண்டு பாட்டுக் கட்டியதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஜான்ஸனும் அந்த வேலையைத்தான் செய்கிறார் என்று ஒரு காலத்தில் எழுதியிருப்பேன். பாதிதான் சரி. அவர் எடுத்தாண்டது ஊர்க்கிழவர்களின் வாயிலிருந்து மட்டுமல்ல, கிராமபோன் தட்டுகளிலிருந்தும்தான். லீராய் காரின் பியானோத் தட்டு, கோகோமோ ஆர்னால்டின் தட்டு, ஸ்கிப் ஜேம்ஸின் தட்டு எல்லாம் அவர் பாட்டுக்குள் இருக்கின்றன. பிற்பாடு வெளிவந்த புகைப்படம் ஒன்றில் கோடுபோட்ட சூட்டும் தொப்பியுமாய், டை கட்டி, கால்மேல் கால் போட்டுச் சிரிக்கிறார். நகரத்தைத் தட்டில் கேட்டு, நகரத்துக்குப் போகத் தயாராக உடுத்திக்கொண்டு நிற்கிற இளைஞன். அந்தப் படம் என் மேடைப் பேச்சில் வந்த ஜான்ஸனுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

விஷயம் இன்னும் தெளிவாகத் தெரிகிற இடம் மடி வாட்டர்ஸ். 1941 ஆகஸ்டில் நாடாளுமன்ற நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பின இசை அறிஞர் ஜான் வொர்க்கும் மிஸ்ஸிஸிப்பியின் ஸ்டோவால் பண்ணைக்குப் போய், அவர் குடிசையிலேயே கருவியை வைத்துப் பதிவு செய்தார்கள். (பிந்தைய வரலாறுகளில் லோமாக்ஸ் பெயர் தங்கியது, வொர்க் பெயர் காணாமல் போனது. அவரும் ஃபிஸ்க் ஆய்வாளர்களும் எழுதியவை நூலாக வந்தது 2005இல். வேறு யார் பெயர் விடுபட்டுப்போகும்?) அந்தப் பண்ணையில் வாட்டர்ஸ் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆமாம், டிராக்டர். அவர் வாசிக்கிற பாட்டுகளைக் கேட்டுப் பட்டியல் எடுத்ததில் ஜீன் ஆட்ரியின் கௌபாய்ப் பாட்டுகளும் 'சட்டனூகா சூ சூ'வும் இருந்தன. ஃபிஸ்க் ஆய்வாளர்கள் கிளார்க்ஸ்டேல் ஊர் ஜூக்பாக்ஸ்களில் இருந்த தட்டுகளைக் குறித்தபோது கவுண்ட் பேஸி, லூயி ஜோர்டன் என்று நகரத்து இசையே நிறைந்திருந்தது. ஊர் ஊராகவே இல்லை! நூலகத்திலிருந்து வாட்டர்ஸுக்கு இரண்டு தட்டும் 20 டாலரும் வந்தன. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அந்தத் தட்டைக் கொண்டுபோய் ஜூக்பாக்ஸில் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டார். நம்மாலும் முடியும் என்று தோன்றியது. ஆவணக் காப்பகம் 'நாட்டார் குரல்' என்று பத்திரப்படுத்தியதை, அந்த நாட்டாரே காசு போட்டால் பாடும் இயந்திரத்துக்குள் சொருகிப் பார்த்திருக்கிறார்.

1943இல் மணிக்கு 22½ சென்ட்டாக இருந்த கூலியை 25 ஆக்கச் சொல்லிக் கேட்டார். மேற்பார்வையாளன் சீறினான். ரயில் ஏறி சிகாகோ போய்விட்டார். அடுத்த வருஷம், 1944 அக்டோபரில், அதே கிளார்க்ஸ்டேல் பக்கத்து ஹாப்ஸன் பண்ணையில் பருத்தி எடுக்கும் இயந்திரத்தை எல்லோர் முன்பும் ஓட்டிக் காட்டினார்கள். ஐம்பது பேர் வேலையை ஒரு இயந்திரம் செய்தது. 1910இலிருந்து 1970 வரை தெற்கைவிட்டு வெளியேறிய கறுப்பர்கள் சுமார் 60 லட்சம். இந்த எண்ணிக்கையையும் இந்த இயந்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் மின்சாரக் கிதாரைப் பற்றிப் பேசுவது வெறும் ரசனைப் பேச்சாகத்தான் முடியும்.

சிகாகோவில் மடி வாட்டர்ஸ் மின்சாரக் கிதார் வாங்கியது தத்துவ முடிவு எதுவும் அல்ல. விடுதியில் நூறு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள், கிதார் கேட்கவில்லை, அதனால் வாங்கினார். ஆனால் கையில் வந்த பிறகு அது வேறு ஒன்றாகிவிட்டது. 1941இல் ஸ்டோவாலில் பாடிய அதே பாட்டை 1948இல் சிகாகோவில் 'ஐ கான்ட் பி ஸாட்டிஸ்ஃபைட்' என்று பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பது ஒரு நல்ல பயிற்சி. பழைய பதிவில் ஸ்லைடின் ஒலி தொட்டவுடன் அவிந்துவிடும். அடுத்த ஒலி வருவதற்குள் ஒரு இடைவெளி, அதில் குடிசையின் காற்று இருக்கிறது. புதியதில் ஒலி அவிய மறுக்கிறது. கம்பியைத் தொட்ட பிறகும் மின்சாரம் அதைப் பிடித்து நீட்டிக்கொண்டே போகிறது, ஊசிமாதிரி. பக்கத்தில் பிக் க்ராஃபோர்டின் டபுள் பேஸ் குதிபோடுகிறது. பாட்டு ஒன்றுதான். பாடுகிறவன் நிற்கிற இடம் மாறிவிட்டது. தெற்குக்குத் திரும்பிப் போகிற ஏக்கத்தைச் சொல்கிற பாட்டு இது, சொல்கிற குரலோ திரும்பிப் போகப்போகிறவனின் குரலாக இல்லை. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பிடிக்கும் என்று சொல்லிவிடுகிறேன். முதலாவதைக் கேட்ட பிறகுதான் பிடித்தது என்பதையும் சேர்த்து.

அப்புறம் சின்ன ஆம்ப்ளிஃபையர். சின்னப் பெட்டியை முழுச் சத்தத்துக்குத் திருப்பினால் உள்ளே வால்வு திணறும், ஒலி உடையும். பொறியியலின் கண்ணுக்கு அது பிழை. லிட்டில் வால்டர் மலிவான மைக்கை மவுத் ஆர்கனோடு சேர்த்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அந்தப் பிழையை வேண்டுமென்றே வாசித்தார். 1952இல் வந்த 'ஜூக்' பாட்டைக் கேட்டால் மவுத் ஆர்கன் என்று சட்டென்று சொல்ல வராது. சாக்ஸஃபோனா, ஏதாவது மிருகமா என்று யோசிக்க வைக்கும். மூச்சைப் பெரிதாக்கியபோது மூச்சு தன் பழைய உருவத்தில் இருக்கவில்லை. மின்சாரம் ப்ளூஸை உரக்கப் பேச மட்டும் வைக்கவில்லை, வேறு மொழி பேச வைத்தது. கட்டைகளுக்கு நடுவிலிருந்த அந்தப் பழைய ஸ்வரம், உடைந்த ஒலியின் கரகரப்பில் இன்னொரு வீடு பிடித்துக்கொண்டது எனலாம். லீராய் ஜோன்ஸ் (பின்னாளில் அமிரி பராகா) 1963இல் எழுதிய 'ப்ளூஸ் பீப்பிள்' நூலில், மக்களின் நிலை மாறுகிறபோதெல்லாம் அவர்கள் இசை மாறுகிறது, அந்த மாற்றத்தையே வரலாறாகப் படிக்கலாம் என்கிறார். இதை ஒத்துக்கொண்டால் எந்த ஒரு கட்டத்தையும் பிடித்து 'இதுதான் அசல்' என்று முளையடிக்க முடியாது.

முளையடித்தவர்கள் இருந்தார்கள். அதில் பாதிப்பேர் நம்மவர்கள், அதாவது இடதுசாரிகள், அவர்களுக்கு நெருக்கமானவர்கள். இதைச் சொல்லாமல் விடுவது யோக்கியமாக இருக்காது. 1938 டிசம்பரில் நியூயார்க் கார்னகி ஹாலில் ஜான் ஹேமண்ட் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்; புரவலர், கம்யூனிஸ்டுக் கட்சி சார்பான 'நியூ மாஸஸ்' பத்திரிகை. ராபர்ட் ஜான்ஸனைக் கூப்பிட நினைத்தார். அவர் ஆகஸ்டிலேயே செத்துப்போயிருந்தார். ஆகவே மேடையில் ஒரு கிராமபோனை வைத்து, அவருடைய தட்டுகளைப் போட்டுக் காட்டினார். அவர் இடத்தில் பாட வந்த பிக் பில் ப்ரூன்ஸி, ஏர் ஓட்டுவதை விட்டுவிட்டு வந்த அர்க்கன்ஸாஸ் பண்ணையாள் மாதிரி அறிமுகப்படுத்தப்பட்டார். உண்மையில் அவர் 1920களிலிருந்து சிகாகோவாசி, பெயர்போன பதிவுக் கலைஞர், பியானோவும் டிரம்ஸுமாய்ப் பாடிக்கொண்டிருந்தவர். பிழைக்கத் தெரிந்தவர் ஆகவே கேட்ட வேஷத்தைக் கட்டினார். 1950களில் ஐரோப்பாவுக்குப் போய்த் தனிக் கிதாரோடு பாடினார், 'கடைசி ப்ளூஸ் பாடகர்' என்று கொண்டாடினார்கள். கடைசி! அந்த நேரத்தில் சிகாகோவில் தெருவுக்குத் தெரு ப்ளூஸ் அலறிக்கொண்டிருந்தது.

வால்டர் பென்யமின் 1936 கட்டுரையில், இயந்திர மறுஉற்பத்தி கலைப்பொருளின் ஒளிவட்டத்தைக் கரைத்துவிடுகிறது என்று எழுதியதை நம் சிறுபத்திரிகைகளில் மேற்கோள் காட்டாதவர் குறைவு. கார்னகி ஹாலின் கிராமபோனை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆள் இல்லை, தட்டுதான் இருக்கிறது, ஒளிவட்டம் அந்தத் தட்டிலிருந்தே கிளம்புகிறது. பின்னால் சேகரிப்பாளர்கள் வீடுவீடாகப் போய்ப் பழைய தட்டு வாங்கினார்கள். எது அதிகம் விற்கவில்லையோ அது அரிதாயிற்று, அரிதானதுதான் ஆழமானது என்றாயிற்று. கறுப்பர்கள் காசு கொடுத்து வாங்கித் தேய்த்துத் தள்ளிய தட்டுகள், பிரபலமானவை என்பதாலேயே சந்தேகத்துக்கு ஆளாயின. மக்கள் கலை என்றோம், மக்கள் எதைத் தேர்ந்தார்கள் என்று கேட்கவில்லை.

இந்த ரசனைமாற்றத்தில் அதிகம் இழந்தவர்கள் பெண்கள். 1920களில் ப்ளூஸ் என்றால் மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித். கூடார மேடை, நாடக அரங்கு, பியானோ, ட்ரம்பெட், பளபளக்கிற உடுப்பு. புருஷனின் அடி, துரோகம், பெண்மீது பெண்ணின் ஆசை, வெள்ளம், வட்டிக்கடை எல்லாவற்றையும் பாடினார்கள். ஏஞ்சலா டேவிஸ் 1998இல் வெளியிட்ட நூலில் இந்தப் பாட்டுகளை வரிவரியாகப் பெயர்த்தெழுதி, உழைக்கும் கறுப்புப் பெண்களின் அரசியல் பிரக்ஞையை அவற்றில் வாசிக்கிறார். 'ஒற்றை ஆண், ஒற்றைக் கிதார், குடிசை' என்று அசலுக்கு இலக்கணம் எழுதியவுடனே இவர்கள் மேடைச் சரக்காகிவிட்டார்கள். இலக்கணம் அப்பாவித்தனமானது என்று யார் சொன்னது?

1958 ஆகஸ்டில் ப்ரூன்ஸி இறந்தார். சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் மடி வாட்டர்ஸ் ஒருவர். இரண்டு மாதம் கழித்து அவர் இங்கிலாந்து போய் மின்சாரக் கிதாரை வாசித்தார். ப்ரூன்ஸியைக் கேட்டுப் பழகிய சிலர் முகம் சுளித்தார்கள். அலறுகிற கிதார் என்று பத்திரிகையில் எழுதினார்கள். பாடம் கற்றுக்கொண்டு 1963இல் அக்கூஸ்டிக் கிதாரோடு போனால், அதற்குள் இளவட்டம் மின்சாரத்துக்கு மாறிவிட்டிருந்தது! அதே நேரம் செஸ் கம்பெனி நாட்டார் இசை மோகத்தைக் காசாக்க 'ஃபோக் ஸிங்கர்' என்று அவரை வைத்து 1964இல் ஒரு அக்கூஸ்டிக் தட்டு விட்டது. ஆக, தூய்மையும் விலைக்கு வந்தது. ஆனால் ஒன்று, அந்தத் தட்டு அற்புதமானது. இளம் பட்டி கை கூட வாசிக்க, மடி வாட்டர்ஸ் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. வியாபாரக் கணக்கில் பிறந்த பொய்க்குள் இப்படி ஒரு நிஜம் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதற்கு என்னிடம் கோட்பாடு இல்லை.

1964 மே மாதம் மான்செஸ்டரில் பயன்பாடில்லாத ரயில் நிலையம் ஒன்றை அமெரிக்கத் தெற்கு மாதிரி ஜோடித்தார்கள், தொலைக்காட்சிக்காக. மூட்டைகள், கூண்டில் கோழி, ஆடு. மழை பெய்துகொண்டிருந்தது. சிஸ்டர் ரோஸட்டா தார்ப் குதிரை வண்டியிலிருந்து நல்ல கோட்டுப் போட்டு இறங்கிவந்து, வெள்ளை நிற மின்சாரக் கிதாரை மாட்டிக்கொண்டு ஒரு வாசிப்பு வாசித்தார் பாருங்கள். அவர் பாடியது தேவாலயப் பாட்டு, ப்ளூஸ் கணக்கில் சேராது என்பார்கள். சேராமல் போகட்டும். ஆட்டையும் கோழியையும் வைத்த ஜோடனை ஒரு பக்கம், அதைக் கிழித்துக்கொண்டு வருகிற கிதார் ஒரு பக்கம். அந்தப் படச்சுருள் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிறது.

அடுத்த மாதமே நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில் வெள்ளை இளைஞர்கள் மூவர் ஸன் ஹவுஸைக் 'கண்டுபிடித்தார்கள்'. அவர் எங்கும் தொலைந்துபோயிருக்கவில்லை. 1943இலிருந்து அங்கேதான் இருந்தார், ரயில்வேயில் வேலை பார்த்தார், கிதாரை எப்போதோ விட்டிருந்தார். 1930 தட்டுகளைக் கரைத்துக் குடித்திருந்த ஆலன் வில்ஸன் என்ற வெள்ளைக்கார வாலிபன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய பாட்டை அவருக்கே வாசித்து ஞாபகப்படுத்தினான். 1965இல் வெளிவந்த தட்டு அப்படி உருவானது. நடுங்குகிற கையோடு அவர் பாடுவதைக் கேட்டால் தொண்டை அடைக்கும். எனக்கும் அடைத்திருக்கிறது. இளைஞர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டிய அந்த ஜூனில்தான் மிஸ்ஸிஸிப்பியில் வாக்குரிமைக்காகப் போன சேனி, குட்மேன், ஷ்வெர்னர் மூவரையும் கொன்று மண்ணில் புதைத்தார்கள்.

மெம்ஃபிஸ் மின்னியைச் சொல்லாமல் நிறுத்த மனசில்லை. 1927 மிஸ்ஸிஸிப்பி வெள்ளத்தைப் பற்றி 1929இல் கான்ஸாஸ் ஜோவோடு பதிவு செய்த பாட்டை, 1971இல் லெட் ஸெப்பெலின் எடுத்துப் பாடியதால் உலகத்துக்குத் தெரியும். 1942 கடைசி நாள் இரவு, மடி வாட்டர்ஸ் சிகாகோவுக்கு வந்து சேருவதற்கு முன்பு, அந்த ஊர் விடுதி ஒன்றில் ஐஸ்பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து மின்சாரக் கிதார் வாசித்துக்கொண்டிருந்தாள். கவிஞர் லாங்ஸ்டன் ஹ்யூஸ் அங்கே இருந்தார். 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகையில் அவர் எழுதிய பத்தியில், இரும்பைப் பற்றவைக்கிற இயந்திரமும் உருக்காலையும் அந்தக் கிதாரில் கேட்பதாகச் சொல்கிறார். கூடவே தெற்கின் சேற்றுச் சாலைகளும் ஞாபகம் வருகின்றன அவருக்கு. விடுதி நடத்துகிறவர்கள் கறுப்பர்கள் அல்ல, அவர்கள் தாளம் போடவில்லை, சிரிக்கவில்லை, கல்லாப்பெட்டியை மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் குறித்துவைத்திருக்கிறார்.

1960களில் கிழவர்களைத் தேடி வண்டி எடுத்துக்கொண்டு போனவர்கள் மின்னியை மேடைக்குக் கொண்டுவர முடியவில்லை. பக்கவாதம் வந்து மெம்ஃபிஸில் படுத்திருந்தாள். 1973இல் இறந்தாள். ஐஸ்பெட்டிமேல் உட்கார்ந்து அன்றிரவு அவள் வாசித்தது எந்தத் தட்டிலும் இல்லை. ஹ்யூஸின் பத்திதான் இருக்கிறது. டீக்கடை நண்பருக்கு அதை நகலெடுத்துக் கொடுத்திருக்கிறேன்.